மாற்றிப் பேசுகிறவர்கள்

'விஞ்ஞானிகளா? இன்னிக்கு ஒண்ணு சொல்வாங்க, நாளைக்கு மாத்திடுவாங்க சார்!' இதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சொல்லியும் இருக்கலாம். அடுத்த வாக்கியத்தில் பெரும்பாலும் ஒரு லேகியமோ ராசிக்கல்லோ வரும். இந்த வசனத்தின் மேல் எனக்குக் கோபம். சாட்சிக்கு கார்பனைக் கூப்பிடுகிறேன்.

உங்கள் உடம்பிலும் இட்லியிலும் இருக்கும் கார்பன், நட்சத்திரங்களுக்குள் மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் ஒட்டிக்கொண்டதில் பிறந்தது. ஒட்டியதும் கிடைப்பது சாதா கார்பன் அல்ல. 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் உபரி சக்தியோடு துள்ளுகிற கார்பன். இப்படி ஒரு நிலை இருந்தே தீரவேண்டும் என்று ஃப்ரெட் ஹாய்ல் 1953ல் அடித்துச் சொல்ல, கால்டெக்கில் தேடினார்கள். இருந்தது.

சிக்கல் என்னவென்றால், அந்தத் துள்ளல் கார்பன் ஏறக்குறைய எல்லாத் தடவையும் பழையபடி மூன்று ஹீலியமாக உடைந்துவிடுகிறது. சுமார் 2,400 தடவைக்கு ஒரு தடவைதான், பெரும்பாலும் இரண்டு காமா கதிர்களை உதறிவிட்டு, உருப்படியான கார்பனாக அடங்குகிறது. நாமெல்லாம் அந்த ஒன்றின் வாரிசுகள். அந்த எண் மாறினால், நட்சத்திரங்களில் கார்பன் எவ்வளவு, ஆக்ஸிஜன் எவ்வளவு என்ற கணக்கே மாறும்.

இந்த எண் 1970களிலேயே தீர்ந்துபோன விஷயம் என்றுதான் நினைத்திருந்தார்கள். 2020ல், ஆஸ்திரேலியர்கள் தலைமையில் ஒரு குழு, ஓஸ்லோவின் சைக்ளோட்ரானில் கார்பன் மேல் புரோட்டான்களை மோதவிட்டு அந்த இரண்டு காமாக்களை எண்ணியது. கார்பன் அடங்கும் வேகம் இதுவரை நம்பியதைவிட 34 சதவிகிதம் அதிகம் என்றது.

இப்போது கவனியுங்கள். 'பெரியவங்க சொன்னா தப்பா இருக்காது' என்று யாரும் வரிந்து கட்டவில்லை. புது எண்ணுக்கு மாலை போட்டு ஊர்வலமும் விடவில்லை. மறுபடி அளந்தார்கள். 2024ல் ஓர் இத்தாலியக் குழு காமாவை விட்டுவிட்டு, உடையாமல் தப்பிய கார்பன் அணுக்கருவையே பிடித்து எண்ணியது. பழைய எண்தான் வந்தது. ஓஸ்லோவிலேயே திரும்ப அளந்தார்கள். அங்கேயும் பழைய எண்ணே.

'ஒரே எண்ணுக்கு இத்தனை வருஷமா, இத்தனை செலவா?' என்பீர்கள். ஆமாம். நகைக்கடைத் தராசைச் சோதித்து முத்திரை போடுவதும் செலவுதான். அது வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னால் அங்கே தங்கம் வாங்குவீர்களா?

விஞ்ஞானிகள் மாற்றிச் சொல்கிறார்கள், நிஜம். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்று கதவைத் திறந்து வைத்திருப்பதால் மாறுகிறது. சரிபார்க்கும்போது பழையதே ஜெயிப்பதும் உண்டு, இந்தக் கார்பன் மாதிரி. நூற்றாண்டுகளாக ஒரு வார்த்தைகூட மாறவில்லை என்று ஒருவர் பெருமைப்பட்டால், 'கடைசியா எப்ப சார் சரிபார்த்தீங்க?' என்று மரியாதையாகக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால், பர்ஸை மூடிவிட்டு வந்துவிடுங்கள்.