"எது சேர் செவப்பு?"

ஆறு மாதமாக ஒரு மாணவனைக் "கவனமில்லாதவன்" என்று ஏசி வந்திருக்கிறேன். பிழை அவனில் இருக்கவில்லை, என்னில்தான். இதே பிழையை வேறு ஆசிரியர்களும் தெரியாமல் செய்துகொண்டிருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். கணினி பற்றிய பதிவுதான், ஆனால் கணினி தெரியாத பெற்றோரும் வாசிக்கலாம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரகலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் பையன். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறான். கணக்கில் கெட்டிக்காரன். தாளில் நிரல் எழுதச் சொன்னால் பிழையில்லாமல் எழுதுவான். கணினியில் உட்கார்ந்தால் மட்டும் தடுமாறுவான். அதனால்தான் "விளையாட்டுப் புத்தி" என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அன்றைக்கு விலாசம் அச்சிடும் சின்னப் பைதன் நிரல். லைன் இலக்கத்தை # குறி போட்டு எழுதியிருந்தான். அதற்கு முன்னால் வரவேண்டிய மேற்கோள் குறியை விட்டுவிட்டான். பைதனில் மேற்கோளுக்கு வெளியே # வந்தால் அதற்குப் பின்னுள்ளதெல்லாம் வெறும் குறிப்பு, கணினி அதை வாசிக்காது. மூடும் அடைப்புக்குறியும் அதோடு போய்விட்டது. எங்கள் ஆய்வுகூடத்தில் இருப்பவை பழைய விண்டோஸ் 7 கணினிகள், அவற்றில் பைதன் 3.8க்கு மேல் ஏறாது. அந்தப் பதிப்பு இந்தப் பிழையை நடந்த இடத்தில் காட்டாமல் கீழே வேறு வரியில் காட்டும். பையன் அந்த வரியையே இருபது நிமிடமாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் மகன், மேல பாருங்க, செவப்பாக் கிடக்குதே, வெளங்கல்லயா?" என்றேன்.

"எது சேர் செவப்பு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பச்சையும் சிவப்பும் அவனுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி. "தாய்மாமாவுக்கும் இப்படித்தான் சேர்" என்றான். சரியாகத்தான் சொன்னான். இது பெரும்பாலும் தாய் வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவது. தாய்க்குக் குறை தெரியாது, மகனுக்கும் தாய்மாமனுக்கும் இருக்கும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 100க்கு 8 பேர் அளவில் இப்படி இருக்கிறார்கள், நம் பக்கம் அதைவிடக் குறைவு. அப்படியென்றாலும் 40 பையன்கள் இருக்கும் வகுப்பில் ஒருவன் இருந்தால் ஆச்சரியமில்லை. பெண்பிள்ளைகளில் மிக அரிது.

இதைப் பற்றி 1794இல் முதன்முதலாக ஆய்வுரை எழுதியவர்களில் ஒருவர் ஜோன் டால்டன், இரசாயனவியலில் நாம் படிப்பிக்கும் அதே அணுக்கொள்கை டால்டன். அவருக்கே இந்தக் குறை இருந்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவரும்கூட. இன்னொன்று, இந்தப் பதிவை வாசிக்கும் பேஸ்புக் ஏன் நீலமாக இருக்கிறது தெரியுமா? மார்க் சக்கர்பேர்க்குக்கும் சிவப்பு, பச்சை பிரித்தறிவது கஷ்டம், நீலம்தான் நன்றாகத் தெரியும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இனி விசயத்துக்கு வருகிறேன். பைதனோடு இலவசமாக வரும் எழுதுபலகைக்கு ஐடில் என்று பெயர். அதில் நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம். மேற்கோளுக்குள் இருக்கும் சொற்கள் பச்சை. குறிப்புகள் சிவப்பு. உலகத்தில் எத்தனையோ சோடி நிறங்கள் இருக்க, இந்த இரண்டையும்தான் இரண்டு முக்கியமான வேலைக்குக் கொடுத்திருக்கிறார்கள்! மேற்கோள் குறி விடுபட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு அந்த வரி பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறி உடனே காட்டிக்கொடுக்கும். அவனுக்கு எதுவும் மாறவில்லை. மற்றவர்களுக்குப் பக்கத்தில் ஒரு உதவியாள் இருக்கிறார், அவனுக்கு இல்லை. இருவருக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்துவிட்டு நான் ஒருவனைக் கெட்டிக்காரன் என்றும் மற்றவனைக் கவனமில்லாதவன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

நல்ல கண்ணுள்ளவர்களுக்கும் இந்த நிறங்கள் அவ்வளவு வசதியில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5க்கு 1 இருக்கவேண்டும் என்பது இணையப் பக்கங்களுக்கான சர்வதேச வழிகாட்டல். வெள்ளையில் ஐடிலின் செம்மஞ்சள் எழுத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன், 2.7தான் வருகிறது. பச்சை 3ஐச் சற்றுத் தாண்டுகிறது. பனிமூட்டம் விலகி ஜன்னலால் வெயில் அடிக்கும் நேரத்தில் பழைய திரையில் அந்தச் செம்மஞ்சளை எனக்கே தேடவேண்டியிருக்கிறது.

நிறத்தை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. ஒப்ஷன்ஸ், அதில் கொன்பிகர் ஐடில், அதில் ஹைலைட்ஸ். ஏற்கெனவே உள்ள நிறத்தொகுதியை அது அழிக்கவிடாது, புதுப் பெயர் கேட்டுத் தனியாகச் சேமிக்கும், அதனால் பயப்பட ஒன்றுமில்லை. நான் பெரிய மனிதனாக உட்கார்ந்து மேற்கோள் சொற்களைக் கடும் நீலமாக்கினேன், 000099. (பதினறும எண் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள். முதல் இரண்டு இலக்கம் சிவப்பு, அடுத்த இரண்டு பச்சை, கடைசி இரண்டு நீலம்.) குறிப்புகளைச் சாம்பலாக்கினேன், 666666. திருப்தியாக எழும்பினேன்.

"சேர், இப்ப பிரிண்டும் அதுவும் ஒண்ணாத் தெரியுது."

பிரிண்ட் போன்ற உள்ளமைந்த சொற்கள் ஐடிலில் ஊதா. ஊதாவிலுள்ள சிவப்பு அவனுக்கு எடுபடாது, மிஞ்சுவது நீலம் மட்டும். எனக்குத் தோன்றவேயில்லை. மவுஸை அவனிடம் கொடுத்தேன். உள்ளமைந்த சொற்களைக் கறுப்பாக்கினான். குறிப்புகளின் எழுத்தை விட்டுவிட்டு அவற்றின் பின்னணியை வெளிர் மஞ்சளாக்கினான். பாடப்புத்தகத்தில் பென்னால் மஞ்சள் அடித்த மாதிரி. இப்போது வகுப்பில் நான்கு பேர் அதையே கேட்டு வாங்கிப் பாவிக்கிறார்கள், அவர்களுக்குக் கண்ணில் ஒரு குறையுமில்லை.

வீட்டில் மடிக்கணினியும் விஎஸ் கோட் செயலியும் உள்ளவர்களுக்கு இன்னும் லேசு. எக்ஸ்டென்ஷன் பகுதியில் கிட்ஹப் தீம் என்று தேடி நிறுவினால், சிவப்பு, பச்சை பிரித்தறியாதவர்களுக்கென்றே செய்த வெளிச்ச, இருள் தொகுதிகள் அதில் இருக்கின்றன. அதுவும் பிடிக்காவிட்டால் செட்டிங்ஸில் குறிப்பு, சரம், எண் என்று ஒவ்வொன்றுக்கும் சொந்த நிறம் கொடுக்கலாம்.

சக ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "பரீட்சைத் தாளில் நிறமா இருக்கு? கறுப்பு வெள்ளையில் பழகட்டும்" என்றார். நியாயமான கேள்விதான். பரீட்சையில் நிறம் யாருக்கும் இல்லை, அது சமம். அந்த நாள் வரைக்கும் இரண்டு வருடம் மற்றவர்களுக்கு நிறம் உண்டு, இவனுக்கு இல்லை, அதுதான் சமமில்லாதது. உண்மையிலேயே கறுப்பு வெள்ளையில் பழக்குவதென்றால் எல்லாருடைய நிறத்தையும் நிறுத்துங்கள், சம்மதம். ஒருவனை மட்டும் வேண்டாம்.

"செட்டிங்ஸில் கை வைக்காதே" என்று அநேக ஆய்வுகூடங்களில் ஒட்டியிருப்போம். நானும் ஒட்டினேன். பிள்ளைகள் படத்தை மாற்றி, ஐகனை ஒளித்து விளையாடுவதால் வந்த சட்டம், காரணமில்லாமல் இல்லை. இருந்தாலும் எழுத்தின் நிறம் அதில் சேரக்கூடாது. கண்ணாடி போட்டு வரும் பிள்ளையைக் கழற்றச் சொல்கிறோமா? ஒரே கணினியை மூன்று வகுப்பு பாவிப்பதுதான் பிரச்சினை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஐடில் இந்த நிறங்களை .ஐடில்ஆர்சி என்ற கோப்புறையில் சிறிய கோப்பாகத்தான் வைத்திருக்கிறது. பென் டிரைவில் கொண்டுபோய் எல்லாக் கணினியிலும் ஒரு தடவை போட்டுவிட்டால், வேண்டியவர் வேண்டியதைத் தெரிவுசெய்வார்.

ஆறாம் ஆண்டுக்குப் பிள்ளை வரும்போதே வகுப்பாசிரியர் தனியாகக் கேட்டுவைத்தால் இன்னும் நல்லது. எல்லார் முன்னாலும் வேண்டாம். வரைபடத்தில், இரசாயனவியல் செய்முறையில், கரும்பலகையில் நிறச் சோக்கில் எழுதும்போதெல்லாம் அது உதவும். நான் இப்போது "அந்தச் சிவப்பு வரி" என்று சொல்வதில்லை, "ஏழாவது வரி" என்கிறேன்.

பையன் செய்த நிறத்தொகுதிக்கு அவனே "பெரகல" என்று பெயர் வைத்திருக்கிறான். தேவையான ஆசிரியர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், கோப்பை அனுப்புகிறேன். எப்படிப் போடுவது என்பதையும் அவனே எழுதித் தந்திருக்கிறான், ஒரு பக்கம்தான்.