சுவரில் சான்று தொங்குது... மருந்து அறையில் யார் நிக்கிறது?

திருத்தங்கல்: விடிந்ததும் விடியாததுமாகத் தூக்குச்சட்டியில் சோற்றைக் கட்டிக்கொண்டு பெண்கள் பட்டாசு ஆலை வேனில் ஏறுகிறார்கள். சாயங்காலம் அந்தச் சட்டி காலியாக வீடு திரும்ப வேண்டும். சிவகாசி வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளுக்கு அது திரும்பவில்லை.

வெடிவிபத்து நடந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். தீயணைப்பு வண்டி ஓடும். ஆஸ்பத்திரி வாசலில் அழுகுரல் கேட்கும். நிவாரணம் அறிவிப்பார்கள். உரிமையாளர் மீதும் போர்மேன் மீதும் வழக்குப் போடுவார்கள். "ஆலைக்கு லைசென்ஸ் இருந்ததா?" என்று ஊரே கேட்கும். "இருந்தது" என்று பதில் வந்துவிட்டால் பேச்சு அடங்கிவிடும்.

அடங்கக் கூடாது! கேட்க வேண்டிய கேள்வியே அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. அன்று காலை மருந்து கலந்தது யார்? பக்கத்தில் நின்று பார்த்தது யார்?

காகிதத்துக்குக் குறைவில்லை

1884-ம் வருடத்து வெடிபொருள் சட்டம் இருக்கிறது. 2008-ல் வந்த விதிகள் இருக்கின்றன. டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று தரம் தரமாக உரிமம் கொடுக்கிறார்கள். போர்மேனுக்குத் தகுதிச் சான்று உண்டு. தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கச் சிவகாசியிலேயே மையம் உண்டு. ஓர் அறையில் 4 பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று விதியும் உண்டு.

இத்தனையும் இருந்துதான் 5.9.2012 அன்று முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் கருகிப் போனார்கள். அந்த ஆலையின் உரிமம் விபத்துக்கு முன்பே நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததாக அப்போது செய்தி வந்தது. உத்தரவு காகிதத்தில் இருந்தது. உள்ளே வேலை நடந்தது!

12.2.2021 அன்று அச்சங்குளத்தில் நடந்த விபத்தில் இருபது உயிருக்கு மேல் போயிற்று. அங்கே உரிமம் ஒருவர் பெயரில். அறைகளைக் குத்தகைக்கு எடுத்து வேலை நடத்தியது வேறு ஆட்கள். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

பரீட்சை வேறு, பக்குவம் வேறு

மருந்து கலப்பது புத்தகப் படிப்பு மட்டும் அல்ல. அலுமினியப் பவுடர், வெடியுப்பு, கந்தகம் மூன்றையும் எந்த அளவில் சேர்ப்பது என்று பரீட்சைத் தாளில் எழுதிவிடலாம். சல்லடையில் எவ்வளவு மெதுவாக அலசுவது? அது கைக்குத் தெரிய வேண்டும். இரும்புக் கரண்டி ஆகாது, தரையில் சிந்திய மருந்தைக் காலால் தேய்க்கக் கூடாது, நைலான் சேலை கட்டி வந்தவரை உள்ளே விடக் கூடாது. இதெல்லாம் தினமும் கண்ணால் பார்த்துத் தடுக்க வேண்டிய விஷயம்.

மிச்சம் விழுந்த கலவையை ராத்திரி அப்படியே விட்டுப் போனால், ஈரம் ஏறித் தானாகச் சூடாகும். மறுநாள் காலையில் தொட்ட கை இருக்காது. "நேத்து மிச்சம் இருக்கா?" என்று அறையைத் திறக்கும்போதே கேட்கிற போர்மேன்தான் உண்மையான போர்மேன். அந்தக் கேள்வியை சுவரில் மாட்டிய சான்று கேட்காது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. "சர்டிபிகேட் என்னத்துக்கு அண்ணாச்சி? இருபது வருசமா கலக்குறேன், ஒண்ணும் ஆகலையே" என்று மார்தட்டுகிற ஆட்களும் உண்டு. இருபது வருடம் தப்பித்தது திறமையா, அதிர்ஷ்டமா? நேற்று வரை கலந்த சரக்கு வேறு, இன்று வந்து இறங்கிய சரக்கு வேறு என்றால் பழகிய கையே எமன் ஆகிவிடும்.

தூத்துக்குடி கடலைப் பாருங்கள். சங்கு குளிப்பவர்களுக்குக் கடல் அத்துப்படி. ஆனாலும் கம்ப்ரசர் காற்றைக் குழாயில் இழுத்துக்கொண்டு ஆழத்தில் ரொம்ப நேரம் இருந்துவிட்டு, சடாரென்று மேலே வந்தால் ரத்தத்தில் குமிழி கட்டி கைகால் முடங்கிவிடும். அனுபவம் இருந்தது, உடம்புக்குள் நடப்பது தெரியவில்லை.

அதே கடலில் இன்னொரு கூத்து. ஆசைக்கு ஸ்கூபா கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கடலில் நாலே முறை முங்கி எழுந்தால் முதல் நிலை அட்டை வாங்கிவிடலாம். 60 அடி ஆழம் வரை போகலாம். அந்த அட்டைக்குக் காலாவதியே கிடையாது! பத்து வருடம் தண்ணீரில் இறங்காத ஆளும் அட்டையைக் காட்டலாம். கடல் அட்டையைப் பார்க்குமா? மருந்தும் சான்றைப் பார்க்காது.

போர்மேன் வாயைக் கட்டுவது எது?

நல்ல போர்மேனுக்கும் ஒரு கஷ்டம் உண்டு. வேலை பீஸ் ரேட். எத்தனை உருப்படியோ அத்தனை கூலி. தீபாவளி நெருங்கினால் ஆர்டர் கழுத்தை நெரிக்கும். "இன்னைக்கு வெக்கை ஜாஸ்தி, கலவையை நிறுத்துங்க" என்று போர்மேன் சொன்னால் முதலாளியும் முறைப்பார், கூலி போகிறதே என்று தொழிலாளியும் முறைப்பார். விபத்து நடந்தால் மட்டும் முதல் கைது போர்மேன்! நிறுத்தும் அதிகாரம் இல்லாத ஆளிடம் பொறுப்பை மட்டும் கட்டி வைத்தால் என்ன நியாயம்?

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சான்று கொடுத்ததோடு விடாமல், போர்மேனையும் மருந்து கலப்பவரையும் வருடா வருடம் அவரவர் வேலை பார்க்கும் அறையிலேயே சோதிக்க வேண்டும். வெடிக்காத பவுடரைக் கொடுத்து நிறுக்கச் சொல்லட்டும், அலசச் சொல்லட்டும். மிச்சக் கலவையை என்ன செய்வாய் என்று தமிழில் வாய்விட்டுக் கேட்கட்டும். கலவை நடக்கும்போது சான்று வைத்திருப்பவர் அங்கே நின்றாரா என்று தினசரி கையெழுத்து வேண்டும். அவர் வேலையை நிறுத்தினால் அன்றைய கூலி பிடிக்கக் கூடாது. உரிமம் ஒருவருக்கு, வேலை வேறொருவருக்கு என்றால் ஆலையை அன்றே பூட்ட வேண்டும்.

சோதனைக்கு வரும் அதிகாரிகள் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து டீ குடித்து, சுவரில் தொங்கும் கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தது போதும். எழுந்து நாலு எட்டு நடந்து மருந்து அறை வாசல் வரை போகட்டும். அங்கே நிற்பது யார் என்று பார்க்கட்டும்.

சோற்றுச்சட்டி சாயங்காலம் வீடு திரும்புமா என்பதற்கு விடை அந்த அறையில்தான் இருக்கிறது.