இடமிருந்து வலம்

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் கல்லூரிப் பொன்விழா மலருக்காகத் துறை அலமாரியில் கிடந்த பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து கணிப்பொறியில் ஏற்றினோம். ஏறத்தாழ 300 படங்கள். எந்த மென்பொருள் வாங்கலாம் என்று மலர்க்குழு கூடியபோது, அனைவரும் ஒரே குரலில் படத்தைத் திருத்தும் மென்பொருளையே கேட்டோம். நானும் கை தூக்கினேன். இக்கட்டுரை அதற்கான கழுவாய்.

படங்கள் பளிச்சென்று வந்தன. கீறல்கள் மறைந்தன, பேராசிரியர்கள் வாழ்நாளில் கண்டிராத சிவந்த மேனி பெற்றார்கள். கூடவே, படத்துக்குக் கீழே அட்டையில் மையால் எழுதியிருந்த 'இடமிருந்து வலம்: அமர்ந்திருப்போர், நிற்போர்' என்னும் பெயர் வரிசையும் அழுக்கென்று வெட்டப்பட்டது. திருத்திய படம் மூலக்கோப்பின் மீதே சேமிக்கப்பட்டது. ஸ்கேன்தான் ஆகிவிட்டதே என்று அட்டைகள் பழைய தாள்களோடு எடைக்குப் போயின. அந்த முகங்களை அடையாளம் காட்டக்கூடிய ஒரே முதியவர் மலர் வெளிவருமுன் காலமானார். இன்று எங்களிடம் இருப்பவை அழகான, பெயரற்ற முகங்கள்.

படத்திருத்தி ஒரு படத்தை எப்படிக் காட்டலாம் என்று கேட்கிறது. படநூலகமோ இவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று கேட்கிறது. முதல் கேள்விக்கு நாளையும் விடை கிடைக்கும். இன்னும் நல்ல மென்பொருள்கூட வரும். இரண்டாம் கேள்விக்கான விடையோ மனிதர்களின் நினைவில் இருக்கிறது; அவர்களோடு போய்விடும். எனவே இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரமும் பணமும் உண்டென்றால் நூலகமே முதலில் என்பது என் கட்சி.

ஃபோட்டோஷாப்பிலும் குறிப்பு எழுத இடமுண்டே என்பார்கள். உண்டு. ஆனால் நூற்றுக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து யார் எழுதுவார்கள்? 2007இல் வந்த லைட்ரூம் இரண்டையும் செய்கிறதே என்பார்கள். செய்கிறது, ஆயினும் நாம் அமைப்பை மாற்றாவிட்டால், எழுதும் குறிப்பு அதன் சொந்தப் பட்டியலில்தான் தங்கும், படக்கோப்பில் ஏறாது. மென்பொருளோ நிரந்தரமன்று. ஆப்பிளின் அபெர்ச்சர் 2015இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. நம்மில் பலர் பழகிய பிகாசாவைக் கூகிள் 2016இல் கைவிட்டது. ஆனால் பிகாசாவில் ஜேபெக் படங்களுக்கு எழுதிய தலைப்புகள் கோப்புக்குள்ளேயே பதிந்தவை. பிகாசா போன பின்னும் பிற மென்பொருள்கள் அவற்றைப் படிக்கின்றன.

செய்தி நிறுவனங்கள் வகுத்த ஐ.பி.டி.சி. குறிப்புகளின் பயன் இதுவே. எக்ஸ்.எம்.பி. முறையில் யூனிகோடு இருப்பதால் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். டிஜிகேம் போன்ற இலவச நூலக மென்பொருளில், குறிப்பைக் கோப்பிலேயே எழுதும்படி அமைத்துக்கொண்டால் போதும், செலவுமில்லை.

தமிழ் படித்த எங்களுக்கு இது தெரியாமற்போனதுதான் வெட்கம். உ.வே.சாமிநாதையர் ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒப்பிட்டு, தாம் கொள்ளாத பாடங்களையும் பாடபேதமாகக் காட்டியே பதிப்பித்தார் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். மூலத்தின் மேலேயே திருத்தி எழுதி, ஏட்டை எடைக்குப் போட்டவரைப் பதிப்பாசிரியர் என்போமா? நாங்கள் செய்தது அதைத்தான்.

திருத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரதி எடுத்துக்கொண்டு திருத்துங்கள். அதற்குமுன் வீட்டிலுள்ள பெரியவர் அருகில் அமர்ந்து, இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள். கீறல் காத்திருக்கும். அவர் காத்திருப்பார் என்பதற்கு உறுதியில்லை.