நித்திய கல்யாணமும் நித்திய கடனும்

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகின்றவர்கள் கோவளத்தைத் தாண்டியதும் திருவிடந்தை என்னும் ஊரைப் பார்க்கலாம். அங்குள்ள பெருமாளுக்கு நித்திய கல்யாணப் பெருமாள் என்று பெயர். காலவ ரிஷி என்பவருக்கு 360 பெண்களாம். பெருமாள் தினம் ஒரு பெண்ணாக அத்தனை பேரையும் மணந்து, கடைசி நாளில் எல்லோரையும் ஒருத்தியாக்கித் தன் இடது பக்கத்தில் வைத்துக் கொண்டாராம். ஊருக்குப் பெயர் வந்ததும் அதனால்தான் என்று ஸ்தல புராணம் சொல்லுகின்றது. கல்யாணமாகாத ஆண்களும் பெண்களும் மாலையோடு அங்கு போய், பூஜித்துக் கொடுத்த மாலையைக் கழுத்தில் போட்டுக் கொண்டு ஒன்பது சுற்றுச் சுற்றினால் சீக்கிரம் கல்யாணம் கூடும் என்று நம்பி இன்றும் கூட்டம் கூட்டமாய்ப் போகின்றார்கள்.

இது நடந்த கதையா, கட்டிய கதையா என்று ஆராய நாம் இன்று வரவில்லை. நாம் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். 360 பெண்களைக் கட்டிக் கொடுத்த அந்த ரிஷி எத்தனை பவுன் போட்டார்? எந்த மண்டபத்துக்கு முன்பணம் கட்டினார்? எந்த வட்டிக் கடையில் கைநாட்டு வைத்தார்? கதை சொல்லுகின்றவர்கள் ஒருவரும் இதைச் சொல்லக் காணோம். ஆனால் அந்தக் கோயிலைச் சுற்றி வந்த மனிதனுக்குக் கல்யாணம் கூடிவிட்டால் இத்தனைக்கும் அவன் பதில் சொல்லியாக வேண்டும். சாமிக்கு நித்தியமாய் நடப்பது கல்யாணம். பக்தனுக்கு நித்தியமாய் நிற்பது கடன்.

திருப்பதிக் கதை இதைவிட வேடிக்கையானது. அங்குள்ள சாமி தன் கல்யாணத்துக்காகக் குபேரனிடம் கடன் வாங்கினாராம். அதற்கு இன்னும் வட்டி கட்டிக் கொண்டிருக்கின்றாராம். உண்டியலில் விழுகின்ற பணமெல்லாம் அந்த வட்டிக்காம். யோசித்துப் பாருங்கள், தோழர்களே! கல்யாணக் கடனைக் கடவுளாலேயே அடைக்க முடியவில்லை என்று சொல்லுகின்ற ஜனங்கள், பத்து வட்டிக்கு வாங்கிப் பந்தல் போட்ட கூலிக்காரன் மாத்திரம் அடைத்துவிடுவான் என்று எந்தத் தைரியத்தில் நினைக்கின்றார்கள்? கடவுளுக்காவது கடனைக் கட்ட உண்டியல் இருக்கின்றது. இவனுக்கு என்ன இருக்கின்றது? பெண்டாட்டி கழுத்தில் இருக்கும் குண்டுமணித் தங்கம் இருக்கின்றது. அதுவும் அடகுக் கடைக்குப் போய்விட்டால் கையில் சீட்டுத்தான் இருக்கின்றது.

கடன்பட்டவர்களையெல்லாம் குற்றவாளிகளாக்குவது நமது நோக்கமல்ல. 2019இல் மத்திய சர்க்கார் எடுத்த கணக்கின்படி இந்நாட்டுக் கிராமக் குடும்பங்களில் நூற்றுக்கு 35ம், நகரக் குடும்பங்களில் நூற்றுக்கு 22ம் கடன்பட்டவை. வியாதிக்கு வாங்கினவர்கள் உண்டு. மழை பொய்த்து வாங்கினவர்கள் உண்டு. வலையும் படகும் புயலில் போய் வாங்கினவர்கள் இந்தக் கடற்கரையிலேயே உண்டு. அப்படிப்பட்டவர்களைப் பார்த்துச் சிக்கனம் போதிப்பது பட்டினி கிடப்பவனுக்கு விரதத்தின் மகிமையைச் சொல்லுவது போலாகும். அவர்களுக்கு வேண்டியது உபதேசமல்ல. நியாயமான கூலியும், குறைந்த வட்டியும், நல்ல ஆஸ்பத்திரியும்தான். நாம் பேசுவது மற்றவர் கண்ணுக்காகச் செலவு செய்து, தன் கண்ணில் தண்ணீர் விடுகின்றவர்களைப் பற்றியே ஆகும்.

இவர்களுடைய கடன் இரண்டு விதமாய் வளர்கின்றது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் என்கின்ற ஒரு நாள் ஆடம்பரம் கடனைப் பெற்றுப் போடுகின்றது. தினசரி ஆடம்பரமோ அந்தக் கடனைச் சாகவிடாமல் பாலூட்டி வளர்க்கின்றது. முதலாவதைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. இரண்டாவதைப் பற்றிப் பேசினால் மாத்திரம், "நூறு ரூபாயில் என்ன ஐயா வந்துவிடப் போகிறது?" என்று சிரிக்கின்றார்கள். அந்த நூறு ரூபாயில் என்ன வரும் என்பதைக் கணக்குப் போட்டே காட்டுவோம்.

நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் ஒருவருக்குக் கடன் அட்டையில் 50,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக் கொள்ளுவோம். மாதம் நூற்றுக்கு மூன்றரை வட்டி. அதாவது வருஷத்துக்கு நூற்றுக்கு 42. முதல் மாத வட்டி மாத்திரம் 1,750 ரூபாய். அவர் மாதம் 2,500 ரூபாய் கட்டி வந்தால் முதல் மாதத்தில் அசலில் குறைவது 750 ரூபாய்தான். புதிதாய் ஒரு பைசாகூடக் கடன் வாங்காமலிருந்தாலும் இந்தப் பாக்கி தீர 35 மாதம் ஆகும். ஏறக்குறைய 37,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும். அதே மனிதர் தினம் 100 ரூபாய்ச் செலவை நிறுத்தி, மாதம் 3,000 ரூபாயைச் சேர்த்து 5,500 ஆகக் கட்டினால் 12 மாதத்துக்குள் கடன் தீர்ந்துவிடும். வட்டியோ சுமார் 11,000 ரூபாயோடு நின்றுவிடும். ஆகவே அவர் சிரித்துத் தள்ளிய நூறு ரூபாய்க்கு இரண்டு வருஷ அடிமைத்தனமும் 26,000 ரூபாயும் விலையாகின்றது.

அந்த வட்டியைச் சட்டம் வந்து தடுக்கும் என்று இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடன் அட்டைக்கு வருஷம் நூற்றுக்கு 30க்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்று 2008இல் தேசிய நுகர்வோர் கமிஷன் தீர்ப்புச் சொல்லிற்று. 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகையால் தன் சட்டைப் பையைத் தானேதான் காத்துக் கொள்ள வேண்டும்.

கிராமத்துக்காரருக்கு அட்டை இல்லாமலிருக்கலாம், தண்டல்காரர் இருக்கின்றார். பேச்சுக்குப் பத்தாயிரம், கையில் கொடுப்பது ஒன்பதாயிரம், தினம் நூறு ரூபாயாக நூறு நாளில் கட்ட வேண்டும் என்பது ஒரு ஏற்பாடு என்று வைத்துக் கொள்ளுவோம். "ஆயிரம் ரூபாய்தானே வட்டி!" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க் கொண்டிருப்பதால் அந்த ஒன்பதாயிரமும் நூறு நாளும் அவர் கையில் இருப்பதில்லை. சராசரியில் பாதிதான் இருக்கின்றது. அப்படிப் பார்த்தால் இந்த வட்டி வருஷத்துக்கு நூற்றுக்கு 75க்கும் மேலே போகின்றது. இதை வாங்கி வலை முடைந்தாலும், விதை வாங்கினாலும் ஒரு நியாயம் சொல்லலாம். இதை வாங்கித் தம்பி மகள் சடங்குக்குத் தட்டு வரிசை வைப்பதற்கும், நாற்சந்தியில் தன் படம் போட்டுப் பானர் கட்டுவதற்கும் என்ன நியாயம்?

தினசரி ஆடம்பரம் என்பது எது என்று கேட்கலாம். பேசுகின்ற போன் நன்றாய்ப் பேசிக் கொண்டிருக்கும் போதே, பக்கத்து வீட்டுக்காரன் புதிது வாங்கினான் என்று தவணையில் வேறு வாங்குவது ஆடம்பரம். வீட்டில் சோறு இருக்க, பிரியாணியை வாசலுக்கு வரவழைத்துச் சாப்பிடுவது ஆடம்பரம். நாலு நாள் பொறுத்தால் பாதி விலையில் பார்க்கக் கூடிய சினிமாவை முதல் நாளே பார்த்துத் தீர வேண்டும் என்று மூன்று மடங்கு கொடுப்பதும், நடிகருடைய கட்டவுட்டுக்குப் பால் ஊற்றுவதும் ஆடம்பரம் மட்டுமல்ல, அறிவுக்கேடும் ஆகும். புகையிலும் சாராயத்திலும் போவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. 2003 முதல் இந்த மாகாணத்தில் சில்லறைச் சாராயக் கடையைச் சர்க்காரே நடத்துகின்றது. சர்க்கார் கடை என்பதால் குடித்தவன் வீட்டு அடுப்பு தானாக எரிந்துவிடாது.

தவணை வியாபாரத்தில் "வட்டியே இல்லை" என்று ஒரு மந்திரம் சொல்லுகின்றார்கள். இந்த மந்திரத்தை 2013லேயே ரிசர்வ் பாங்கு உடைத்துவிட்டது. வட்டியில்லாத் தவணை என்பதே கிடையாது, அது வேறு கட்டணத்தின் பெயரால் மறைத்து வாங்கப்படுகின்றது என்று பாங்குகளுக்கு எழுதிற்று. ஆனாலும் விளம்பரத்தை நம்புகின்றவர்கள் குறைந்தபாடில்லை. புராணத்தை நம்பாதே என்று சொல்லுகின்ற நம் தோழர்களிலேயே சிலர் வியாபாரியின் விளம்பரத்தை வேதமாக நம்புகின்றார்கள். அது எந்த வகையில் பகுத்தறிவு என்று நமக்கு விளங்கவில்லை.

அட்சய திருதியை என்பதும் இப்படிப்பட்டதே. ஒரு தலைமுறைக்கு முன் நம் பாட்டிமார்களில் எத்தனை பேர் அன்றைக்கு நகைக்கடை வாசலில் நின்றார்கள்? அன்று ஒரு குண்டுமணி வாங்கினால் வருஷமெல்லாம் தங்கம் பெருகுமாம். வாங்கும்போது சேதாரம் கொடுக்கின்றோம், செய்கூலி கொடுக்கின்றோம், நூற்றுக்கு மூன்று வரியும் கொடுக்கின்றோம். ஆறு மாதம் கழித்து அதே நகையை அடகுக் கடையில் வைக்கும்போது சேதாரத்தையும் செய்கூலியையும் எவனும் மதிப்பதில்லை. தங்கத்தின் எடையைத்தான் பார்க்கின்றான். அதிலும் ஒரு பகுதிதான் கொடுக்கின்றான். ஆகவே அன்றைக்குப் பெருகினது யாருடைய தங்கம் என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

கடன் ஏறிய பிறகாவது கணக்குப் பார்க்கின்றார்களா என்றால் அதுவும் இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருச்சேறையில் ருண விமோசன லிங்கம் என்று ஒன்று இருக்கின்றது. பதினொரு திங்கட்கிழமை அர்ச்சனை செய்தால் கடன் தீருமாம். செங்கற்பட்டிலிருந்து ஒருவர் பதினொரு தரம் போய் வருகின்ற வண்டிச் சத்தத்தையும், அர்ச்சனைச் செலவையும், இழந்த பதினொரு நாள் கூலியையும் சேர்த்துக் கடன்காரனிடமே கொடுத்திருந்தால் அசலில் கொஞ்சமாவது குறைந்திருக்காதா?

"சிக்கனம் என்பது கஞ்சத்தனம், ஏழைக்கு ஒரு சந்தோஷம் கூடாதா?" என்று ஒரு சிலர் ஆட்சேபிக்கலாம். கஞ்சன் என்பவன் பணம் இருந்தும் தானும் அனுபவிக்காமல் பிறருக்கும் கொடுக்காமல் பூட்டி வைப்பவன். கடன்காரனோ தன்னிடம் இல்லாத பணத்தைச் செலவு செய்கின்றவன். ஆகவே சிக்கனம் அவன் விஷயத்தில் கஞ்சத்தனமல்ல, நாணயமேயாகும். சந்தோஷத்தையும் நாம் மறுக்கவில்லை. குழந்தைக்குப் பாலும், பள்ளிக்கூடத்துப் புஸ்தகமும், வாரம் ஒரு நாள் குடும்பத்தோடு கடற்கரையில் உட்கார்ந்து பேசுவதும் சந்தோஷமல்லவா? பிறர் பார்க்காவிட்டால் எந்தச் செலவில் ருசி இல்லையோ அந்தச் செலவைத்தான் வெட்டச் சொல்லுகின்றோம்.

இனிச் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, கடன்களையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுத வேண்டும். பெண்டாட்டிக்குத் தெரியாத கடன், புருஷனுக்குத் தெரியாத குழுக் கடன் என்று ஒன்றும் இருக்கக்கூடாது. வீட்டுக் கணக்கில் பெண்களுக்குச் சரிபாதி அதிகாரமில்லாத குடும்பத்தில் கடன் தீராது. இரண்டாவது, எதற்கு வட்டி அதிகமோ அதை முதலில் அடைக்க வேண்டும். யார் அதிகமாய்ச் சத்தம் போடுகின்றானோ அவனுக்கு முதலில் என்பது பயத்தின் கணக்கு. மூன்றாவது, ஒரு கடனை அடைக்க அதைவிட அதிக வட்டிக்கு இன்னொரு கடன் வாங்கக்கூடாது. நான்காவது, நிறுத்திய செலவின் பணத்தை அன்றன்றே தனியாய் எடுத்து வைக்க வேண்டும். பையில் இருந்தால் அது வேறு பெயரில் செலவாகிவிடும்.

இதற்கு வழி தெரியாத ஜில்லா அல்ல செங்கற்பட்டு. இந்தியாவில் முதல் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904இல் திரூரிலும், முதல் நகரக் கூட்டுறவுச் சங்கம் அதே வருஷம் காஞ்சீபுரத்திலும் பதிவாயின. இரண்டு ஊரும் அன்று இந்தச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவையே. வட்டிக்காரன் வாசலில் நிற்காமல் ஒருவருக்கொருவர் கைகொடுத்துப் பிழைக்கலாம் என்று நாட்டுக்கே காட்டின மண் இது. மிரட்டி வசூலிப்பவர்களுக்குப் பயந்து கிடக்கவும் வேண்டியதில்லை. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் ஒரு சட்டமும், கடன் கொடுக்கும் கம்பெனிகள் பலாத்காரமாய் வசூலிப்பதைத் தண்டிக்க 2025இல் ஒரு சட்டமும் இந்த மாகாணத்தில் வந்திருக்கின்றன.

நிற்க, மறுபடியும் கல்யாணத்துக்கே வருவோம். 1929 பிப்ரவரியில் இந்தச் செங்கற்பட்டு நகரத்தில்தான் முதல் மாகாண சுயமரியாதை மகாநாடு கூடிற்று. பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று அன்றே அது தீர்மானித்தது. 1967இல் அண்ணா மந்திரிசபை சுயமரியாதைக் கல்யாணத்தைச் சட்டமாக்கிற்று. உறவினரோ சிநேகிதரோ முன்னிலையில் ஒருவருக்கொருவர் மாலை மாற்றிக் கொண்டாலே கல்யாணம் செல்லும் என்பது அந்தச் சட்டம். திருவிடந்தைக்குப் போகின்றவர் கையிலும் மாலைதான் இருக்கின்றது. அந்தக் கோயிலைச் சுற்றுவதற்கு வாங்குகின்ற மாலையோடு இன்னொன்றைச் சேர்த்தால் கல்யாணமே முடிந்து போகும். மற்றதெல்லாம், அதாவது மண்டபமும், மேளமும், ஆயிரம் இலையும், அறுபது பவுனும், ஊராருடைய கண்ணுக்குப் போடுகின்ற படையலேயாகும்.

அந்த ஊரார் யார்? இலையை மடித்துவிட்டு, "சாம்பாரில் உப்புக் கம்மி" என்று சொல்லிப் போகின்றவர்கள். நாளைக்குத் தண்டல்காரன் வாசலில் நின்று கூச்சல் போடும்போது அவர்களில் எத்தனை பேர் வந்து நிற்பார்கள்? அவர்கள் மெச்சுவதற்காக வாங்கிய கடனுக்கு உங்கள் மகன் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போக வேண்டுமா?

மானம் என்பது பந்தலின் அகலத்தில் இல்லை. ஒருவனைக் கண்டு ஒளியாமல் தெருவில் நடக்க முடிவதில் இருக்கின்றது. ஆதலால் தோழர்கள் நாளை முதலென்று சொல்லாமல் இன்று இரவே ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்து, குடும்பத்தோடு உட்கார்ந்து, கடனையும் செலவையும் எழுதிப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகின்றோம். நித்திய கல்யாணத்தைப் பெருமாளுக்கே விட்டுவிடுங்கள். நித்திய கடன் உங்களுக்கு வேண்டாம்.