கடற்கொள்ளைக்காரன் பெயரில் ஒரு மீன் கடை

நமது நாட்டில் ஒருவன் கடை செழித்தால் "அவனுக்குக் கைராசி" என்பதும், நொடித்தால் "அவனுக்கு ஏழரை நாட்டுச் சனி" என்பதும் வழக்கமாய் இருந்து வருகின்றது. வாசலில் எலுமிச்சம் பழமும் மிளகாயும் கோத்துக் கட்டியவன் கடையும் மூடப்படுகின்றது. கட்டாதவன் கடையும் மூடப்படுகின்றது. அப்படியிருந்தும், ஏன் மூடினான் என்று கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் சிலர். ஜாதகத்தைப் புரட்டுகிறவர்களே பலர். ஆதலால் சனிப்பெயர்ச்சிக்கு எள் விளக்குப் போடாத அமெரிக்க தேசத்தில், ஆயிரத்துக்கு மேற்பட்ட கிளைகளோடு வாழ்ந்த ஒரு மீன் கடை எப்படி வளர்ந்தது, எப்படித் தேய்ந்தது என்பதைச் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

கடையின் பெயர் லாங் ஜான் சில்வர்ஸ். 1969-ல் கெண்டக்கி மாகாணத்து லெக்ஸிங்டன் நகரில் ஜெரிகோ என்ற ஓட்டல் கம்பெனியாரால் துவக்கப்பட்டது. அந்தப் பெயர், 1883-ல் புத்தகமாக வந்த ஸ்டீவன்ஸன் என்பவரின் 'புதையல் தீவு' என்னும் கதையில் வருகிற ஒற்றைக்கால் கடற்கொள்ளைக்காரனுடையது. நம்மூரில் கலப்பட நெய் விற்பவன்கூட லக்ஷ்மி விலாஸ் என்றும் முருகன் துணை என்றும் பலகை மாட்டிக்கொள்ளும்போது, கொள்ளைக்காரன் பெயரையே துணிந்து மாட்டிய அளவுக்கு அவர்கள் யோக்கியர்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

விற்ற சரக்கு, மாவில் தோய்த்துப் பொரித்த மீன், உருளைக்கிழங்கு வறுவல், சோளமாவு உருண்டை. காசைக் கொடுத்தால் சில நிமிஷங்களில் பொட்டலம் கைக்கு வரும். கடலுக்குப் பல நூறு மைல் தள்ளி, கடல் மீனை அபூர்வமாய்க் கண்டிருந்த உள்நாட்டு ஊர்களுக்கெல்லாம், உறையவைத்த மீன் குளிர்ப்பெட்டியில் போய்ச் சேர்ந்தது. குளிர்ப்பெட்டியும் நல்ல ரஸ்தாவும் சேர்ந்து செய்த காரியம் இது. 1980-களின் முடிவில் சுமார் 1,500 கடைகள் ஆகிவிட்டன.

நிற்க, இந்த மீன் வியாபாரத்துக்கு மதமும் தரகு வேலை பார்த்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாம்சம் புசிக்கலாகாது, மீன் புசிக்கலாம் என்பது கத்தோலிக்கர் விதி. நம் நாட்டுக் கத்தோலிக்கர் இதைச் 'சுத்த போசனம்' என்பார்கள். சின்சினாட்டி நகரத்தில் மெக்டொனால்டு கடை நடத்திய லூ குரோன் என்பவர், சுற்றிலும் கத்தோலிக்கர் இருந்ததால் வெள்ளிக்கிழமைதோறும் வியாபாரம் படுத்துவிடுவதைப் பார்த்து, 1962-ல் ரொட்டிக்கு நடுவில் மீனை வைத்து விற்க ஆரம்பித்தார். மீன் மாம்சமல்ல என்று யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. மீனைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது நிச்சயம். (வங்காளத்துப் பார்ப்பனர் மீன் தின்றும் ஆசாரம் கெடாமல் இருக்கிறார்கள். ஆகவே கடவுளுக்கு மீன் விஷயத்தில் இரண்டு மதங்களிலும் கொஞ்சம் தாக்ஷண்யம் இருக்கிறதுபோலும்.)

பிறகு 1966 நவம்பரில் அமெரிக்க பிஷப்புமார் கூடி, தபசு காலம் நீங்கலாக மற்ற வெள்ளிக்கிழமைகளில் இந்த விதி கட்டாயமில்லை என்று தீர்மானித்தார்கள். அதாவது அந்த மாதத்து முதல் வெள்ளிக்கிழமை மாட்டிறைச்சி தின்றவன் பாவி, அடுத்த மாதம் தின்றவன் பாவியல்ல! நரகத்தின் சட்டத்தையே கூட்டம் போட்டுத் திருத்த முடியுமானால், அதை எழுதியவரும் கூட்டம் போட்டவர்களைப் போன்ற மனிதர்தானே? தபசு காலத்தில் மட்டும் விதி நிலைத்ததால், அமெரிக்க மீன் கடைக்காரர்களுக்கு இன்றும் அந்த நாற்பது சொச்சம் நாட்கள்தான் அறுவடைக்காலம். மீதி நாட்களில் கடை தன் காலில் நிற்கவேண்டும். ஒற்றைக்கால் கொள்ளைக்காரனுக்கு அது கஷ்டமாகத்தானே இருக்கும்!

ஆனால் காலை ஒடித்தது பக்தர் குறைவல்ல. 1989-ல் நியூயார்க்கைச் சேர்ந்த கேஸில் ஹார்லன் என்ற பண முதலாளிகள், கம்பெனியின் நிர்வாகிகளோடு சேர்ந்து ஜெரிகோ கம்பெனியைச் சுமார் 62 கோடி டாலருக்கு வாங்கினார்கள். இந்த மாதிரி வாங்குவதன் சூட்சுமத்தைக் கிராமத்துத் தோழர்கள் கவனிக்கவேண்டும். உங்கள் பக்கத்து நிலத்தை ஒருவன் வாங்குகிறான். கிரயப் பணத்தில் பெரும் பங்கைக் கடனாக வாங்குகிறான். அந்தக் கடனை அந்த நிலத்தின் பேரிலேயே எழுதிவைத்து, வட்டியை அந்த நிலத்தின் விளைச்சலிலிருந்தே கட்டுகிறான். விளைந்தால் லாபம் அவனுக்கு. விளையாவிட்டால் ஜப்தி நிலத்துக்கு. மீன் கடையிலும் இதுவே நடந்தது. பொரித்து விற்ற காசு வட்டிக்குப் போய்விட்டால், பழைய கட்டடத்துக்கு வெள்ளையடிப்பதற்கும் புதுப் பண்டம் பழகுவதற்கும் காசேது? மற்றக் கடைகள் மலிவான கோழியைக் கொண்டு முந்திக்கொண்டன. கடைசியில் 1998-ல் கம்பெனி கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. கதையில் வந்த கொள்ளைக்காரனாவது கப்பலேறிப் போய்ப் புதையலைத் தேடினான். இந்தக் கனவான்களுக்குக் கால் நனையவேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.

கடலும் ஒரு கணக்கு வைத்திருந்தது. நியூபவுண்ட்லாந்து கரையில் 'காட்' என்னும் மீனை வாரி வாரி எடுத்து, கரையோரச் சிறு மீனவர்கள் மீன் குறைகிறதென்று கூச்சலிட்டதையும் காதில் போட்டுக்கொள்ளாமல், கடைசியில் 1992 ஜூலையில் கனடா சர்க்கார் அந்த மீன்பிடிப்பையே நிறுத்தியது. சுமார் 30,000 பேர் வேலையிழந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அதை ஆண்டவன் சோதனை என்று எண்ணினார்களோ!

கடை பிறகு கைமாறியது. 2002-ல் யம் என்ற பெரிய ஓட்டல் கம்பெனி வாங்கிற்று. அதுவும் வேண்டாமென்று 2011-ல் விற்றுவிட்டது. 2013-ல் பொதுஜன நலனுக்காக விஞ்ஞானம் பேசும் ஒரு சங்கத்தார், இந்தக் கடையின் ஒரு சாப்பாட்டைப் பரீட்சை செய்து, அதில் 33 கிராம் டிரான்ஸ் கொழுப்பு இருப்பதாகவும், அமெரிக்காவிலேயே மோசமான ஓட்டல் சாப்பாடு அதுதான் என்றும் வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு 2 கிராமே அதிகம் என்பது வைத்தியர் கணக்கு. நமது வனஸ்பதியில் பேர்போன கொழுப்பும் இதே இனம்தான். அதன்பின் கம்பெனியார் எண்ணெயை மாற்றினார்கள். யார் தொட்டார்கள், யார் பார்த்தார்கள் என்று சோற்றுக்குத் தீட்டுப் பார்க்கிற நம் ஆசாரக்காரர்கள், சட்டியில் காய்கிற எண்ணெய் என்னவென்று எந்த ஓட்டலிலாவது எட்டிப் பார்த்ததுண்டா?

1,500 இருந்த கடைகளில் இப்போது பாதிகூட இல்லை. 2011-ல் யம் கம்பெனி கைவிட்டபோது இதை வாங்கியவர்களில், பெயருக்குப் பணம் கட்டி அந்தந்த ஊரில் கடை நடத்தி வந்தவர்களே முக்கியமானவர்கள். அவர்களிடம் எந்த ஜோசியனும் போய் நாள் குறித்துக் கொடுத்ததாகத் தெரியவில்லை. தபசு காலம் எந்தத் தேதியில் ஆரம்பிக்கிறது என்பதை மட்டும் அவர்கள் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். மீன் வாங்கி வைப்பதற்காக.