தமிழ்ப்பிள்ளையின் குழலில் எவர் மெட்டு?

இரெக்கார்டர் என்னும் நேர்குழல் பயிலும் ஆங்கிலப் பிள்ளைக்கு, அவன் பாட்டன் ஆடிய நாட்டுப்புற ஆட்டத்தின் மெட்டே பாடமாகின்றது. 1651இல் சான் பிளேபோர்டு இலண்டனில் அச்சிட்ட ஆட்டநூலின் மெட்டுகள் இன்றும் ஊதப்படுகின்றன. 1903இல் சாமர்செட்டுச் சிற்றூரொன்றில் தோட்டக்காரர் பாடிய பாட்டை எழுதிக்கொண்ட செசில் சார்ப்பு, அதன்பின் ஊரூராய்த் திரிந்து பாட்டும் ஆட்டமும் திரட்டிப் பள்ளிக்குள் கொணர்ந்தார். சிறுசிறு பகுதிகள், ஒவ்வொன்றும் மீண்டும் வரும். பிஞ்சு விரலுக்கு இதனினும் ஏற்றது எது? தன் மண்ணைத் தன் பிள்ளைக்குத் தந்த ஆங்கிலனைப் பழிக்க ஒன்றுமில்லை.

தமிழன் செய்ததென்ன? திருவாரூரில் பிறந்த முத்துசாமித் தீட்சிதர் (1775-1835), சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த நாளில் வெள்ளையர் படையிசை கேட்டு, அம்மெட்டுகளில் வடமொழிச் சொற்களைக் கோத்தார். ஆங்கில அரசனை வாழ்த்தும் பாட்டின் மெட்டும் அவற்றுள் ஒன்று! 'நோட்டுசுரம்' என்பது அவற்றின் பெயர்; பெயரிலேயே ஆங்கிலமும் வடமொழியும் கைகோத்து நிற்பதைக் காண்க. இன்றும் தொடக்க மாணவர்க்கு அவை கற்பிக்கப்படுகின்றன. மெட்டு மேலைநாட்டது, சொல் வடவரது, விரல் மட்டுமே தமிழ்ப்பிள்ளையினது. தீட்சிதரின் இசைப்புலமையை எவரும் மறுக்கார். அது வேறு வழக்கு.

புதுச்சேரியில் 1954இல் பிரெஞ்சு ஆட்சி அகன்றது, அயல்மயக்கம் அகலவில்லை. இலண்டன் இசைத்தேர்வுச் சான்றைச் சுவரில் மாட்டத் துடிக்கும் பெற்றோர்க்குக் கும்மி இழிவாகத் தோன்றுகின்றது. 1908 முதல் 1918 வரை இந்நகரில் வாழ்ந்த பாரதியார்க்கு அவ்வாறு தோன்றவில்லை. புதுவை மாஞ்சோலையில் நிகழ்வதாக அவர் பாடிய குயில்பாட்டில், குயில் தன் நெஞ்சைப் பறிகொடுத்த இசைகளை அடுக்குகின்றது: ஏற்றப்பாட்டு, நெல்லிடிப்போர் பாட்டு, சுண்ணம் இடிப்போர் பாட்டு, வளைக்கை கொட்டும் கும்மி, மூங்கிற்குழல். ஒரு தொடக்கப் பாடத்திட்டமே அங்குக் கிடக்கின்றது! எடுத்தாள ஆளில்லை. பாவேந்தர் பாரதிதாசனாரும் இம்மண்ணிலிருந்தே தாலாட்டுப் பாடினார். அதற்கும் முன்னே, சிலம்பின் ஆய்ச்சியர் குரவையில் கொன்றைக்குழலும் ஆம்பற்குழலும் முல்லைக்குழலும் ஒலித்தன. குழல் செய்தற்கு மூங்கிலும் சந்தனமும் வெண்கலமும் கருங்காலியும் ஆகுமென அடியார்க்குநல்லார் உரையெழுதினார். இத்துணை இருந்தும் கடன் எதற்கு?

1941இல் அண்ணாமலைநகரில் எழுந்த தமிழிசைக் கிளர்ச்சி, மேடையில் தமிழ்ப்பாட்டை ஏற்றியது. பள்ளிப் பாயில் அமர்ந்த பிள்ளையை எட்டவில்லை. நீரிறைக்கும் பொறி வந்தபின் ஏற்றம் இல்லை. ஆலை வந்தபின் உலக்கை ஓய்ந்தது. பாடியவரும் ஒவ்வொருவராய் மறைகின்றனர். பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் பாடவல்ல முதியோர் எஞ்சியிருக்கும்போதே, புதுவை இசையாசிரியர்கள் குறிப்பேட்டோடு செல்லட்டும். பத்து மெட்டுகளேனும் திரட்டி, குரல், துத்தம், கைக்கிளை எனத் தமிழில் குறித்து, வரும் கல்வியாண்டிலேயே ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் மூங்கிற்குழலுக்குத் தரட்டும்.