எண்ணெய்க் கரையும் தண்ணீர்க் கரையும்

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது சமையலறையில் காலடி வைத்த எவருக்கும் தெரிந்த சங்கதி. வத்தக்குழம்பில் நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால், பதம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் இதே சங்கதி ரசாயனத் தொழிற்சாலைக்காரர்களை வெகுகாலம் தலையில் கைவைத்து உட்கார வைத்திருந்தது. மருந்தோ வாசனைத் திரவியமோ செய்யப் புகுந்தால், ஒரு மூலப்பொருள் எண்ணெய் ரகமாக இருக்கும். மற்றொன்று தண்ணீரில் மட்டும் கரையும் உப்பு ரகமாக இருக்கும். இரண்டும் சந்தித்தால்தானே சரக்கு!

அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்துப் பாங்கா ஸிடியில், ஓர் எண்ணெய்க் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்தவர் சார்லஸ் ஸ்டார்க்ஸ். அவர் 1971-ல் ஒரு வேடிக்கையை எடுத்துச் சொன்னார். ஒரு பாத்திரத்தில் குளோரோ ஆக்டேன் என்ற எண்ணெய் போன்ற திரவம் மேலே. சோடியம் சயனைடு கரைந்த தண்ணீர் கீழே. சயனைடு என்றதும் துப்பறியும் தொடர்கதை ஞாபகம் வருகிறதல்லவா? கொடிய விஷம்தான், சந்தேகமில்லை. ஆனால் எட்டுக் கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலியில் ஒன்பதாவதை மாட்ட வேண்டுமானால், ரசாயனிக்கு அதைவிடச் சௌகரியமான கொக்கி கிடைப்பது அருமை.

இரண்டையும் நாள்கணக்கில் கொதிக்க வைத்தாலும் பலன் பூஜ்யம். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு மட்டும் ஒரு விசேஷ உப்பைப் போட்டுக் கலக்கினால், இரண்டு மூன்று மணி நேரத்தில் காரியம் அநேகமாக முழுவதும் முடிந்துவிடுகிறது!

சோப்பைப் போல அந்த உப்பும் எண்ணெயையும் தண்ணீரையும் நுரைக்கக் குழப்பி ஒன்றாக்குகிறது என்று நினைக்கத் தோன்றும். விஷயம் வேறு. அது ஒரு பரிசல்காரன். அதன் நடுவே நேர்மின்சாரம் ஏறிய ஒரு நைட்ரஜன் அணு. நாலு பக்கமும் கொழுப்பைப் போன்ற நீண்ட வால்கள். மின்சாரம் இருப்பதால் எதிர்மின்சாரமுள்ள சயனைடைக் கைப்பிடித்துக்கொள்கிறது. வால்கள் இருப்பதால் எண்ணெய்க்குள் தாராளமாக நுழைகிறது. எண்ணெய்க் கரையில் சயனைடு இறங்கிச் சங்கிலியில் உட்கார்ந்துகொள்ள, அங்கே இடம் இழந்த குளோரைடு அதே பரிசலில் ஏறித் தண்ணீர்க் கரைக்கு வந்து சேருகிறது. உடனே அடுத்த சவாரி. பரிசல் தேய்வதில்லை, அதனால்தான் ஒரு சிட்டிகை போதும்.

இதில் இன்னொரு நயமும் உண்டு. தண்ணீரில் இருக்கும்போது சயனைடை, கல்யாண வீட்டில் மணப்பெண்ணைச் சூழ்ந்த உறவினர் மாதிரி, நீர் மூலக்கூறுகள் மொய்த்துக்கொண்டிருக்கும். நகரவே விடாது. பரிசலிலோ இடம் கொஞ்சம். அநேகம் பேர் கரையிலேயே நின்றுவிடுகிறார்கள். பிடுங்கல் குறைந்ததும் சயனைடுக்குச் சுறுசுறுப்பு வந்துவிடுகிறது.

இதற்கு 'பேஸ் டிரான்ஸ்பர் காட்டலிஸிஸ்' என்று ஸ்டார்க்ஸ் பெயர் சூட்டினார். எனக்கென்னவோ பரிசல் என்பதே பிடித்திருக்கிறது. பெயர் அவருடையதே தவிர, வித்தை அவர் ஒருவருடையதல்ல. போலந்து தேசத்து வார்ஸாவில் மாகோஷா என்ற ரசாயனி 1960-களிலேயே இந்த வழியில் இறங்கிவிட்டார். அவர் செய்ததுதான், என் அபிப்பிராயத்தில், பெரிய உபகாரம். சில மூலப்பொருள்களின் கார்பனிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கியெடுக்க, சோடியம் ஹைட்ரைடு, சோடாமைடு போன்ற முரட்டுச் சரக்குகளைக் கையாள்வது வழக்கம். தண்ணீர் பட்டால் சீறும், தீயும் பிடிக்கும். கலக்கும் திரவத்திலும் பாத்திரத்திலும் ஈரப்பசையே இருக்கக் கூடாது. அந்தக் கொப்பரை அருகே நிற்கும் தொழிலாளியின் வீட்டில், அவர் திரும்பி வரும் வரையில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். மாகோஷா, பாதிக்குப் பாதி தண்ணீரில் கரைத்த காஸ்டிக் சோடாவையும் கொஞ்சம் பரிசல் உப்பையும் வைத்துக்கொண்டே அப்படிப்பட்ட பல வேலைகளை முடித்துக் காட்டினார். காஸ்டிக் சோடாவைச் சாது என்று சொல்லமாட்டேன்; தோலைப் பொசுக்கிவிடும். ஆனால் தண்ணீரைக் கண்டு தீப்பிடிக்காது. விலையும் மலிவு.

பரிசல்காரனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. குளோரைடைக் கரை சேர்த்ததும் இறக்கிவிடுகிறவன், அயோடைடு ஏறிவிட்டால் லேசில் இறக்கமாட்டான். அதையே அணைத்துக்கொண்டு எண்ணெயிலேயே சுற்றுவான். சயனைடு கரையில் காத்துக் கிடக்கும். ஆகவே அயோடைடு வெளிப்படும் மூலப்பொருளை ரசாயனிகள் கூடியவரை தவிர்க்கிறார்கள். வேலை முடிந்தபின் பரிசலைச் சரக்கிலிருந்து பிரித்தெடுப்பதும் ஒரு தலைவலிதான். மருந்து செய்யுமிடத்தில் அதில் அலட்சியம் கூடாது.

இந்த உப்பின் பங்காளி ஒருவர் உங்கள் வீட்டுக் குளியலறையிலேயே இருக்கலாம். தலைக்குக் குளித்தபின் தடவும் கண்டிஷனர் புட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் 'செட்ரிமோனியம் குளோரைடு' என்று போட்டிருக்கும். அங்கே அவருக்குப் பரிசல் வேலை கிடையாது. ஈரக் கூந்தலில் உள்ள எதிர்மின்சாரத்தை நைட்ரஜன் பற்றிக்கொள்ள, நீண்ட வால் முடிமேல் வழவழவென்று படிகிறது. சிக்கில்லாமல் சீப்பு இறங்குகிறது.